நாற்காலி நின்ற இடம்

வெறும் தொண்ணூற்றேழாம். முதல் பந்துக்கே தொண்ணூற்றேழாம்! ஷாமியானா நிழலில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆள், கையிலிருந்த, வேகம் அளக்கிற ஸ்பீடு கன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கறிக்கடையில் எடை சொல்லுகிற மாதிரி "தொண்ணூத்தேழு" என்றான். பக்கத்தில் நோட்டோடு இருந்த பெண் குனிந்து எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். ஆவுடைச்செல்விக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நூறு வேண்டும். மாநிலப் பள்ளி அணிக்குப் பெண்கள் பேஸ்பால் தேர்வு, பந்து எறிகிற பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துப் பந்து, பத்தில் ஒன்றாவது நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. அந்த மாநில அணிச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் மகள் யுவஸ்ரீக்குக் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் என்று பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிற எஸ்தர் டீச்சர் சொல்லியிருக்கிறாள், சொன்னது எட்டாம் வகுப்பில், இப்போது பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு. நாலு வருஷம். விடியக்காலம் ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்த நாலு வருஷம். அதை இந்தப் பாளையங்கோட்டை வெயிலில், ஒரு காலேஜ் மைதானத்தில், கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் தொண்ணூற்றேழு என்கிறான். போகட்டும், இன்னும் ஒன்பது இருக்கிறது, பிள்ளைக்கு உடம்பு சூடாக வேண்டாமா, முதல் பந்து எப்போதும் அப்படித்தான், அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காக்கிச் சட்டையோடு வந்தது தப்பாகப் போயிற்று. மதியம் ஒரு மணிக்கு நாலுவழிச் சாலையில் டூட்டி, இங்கிருந்து நேரே போய்விடலாம் என்று உடுத்திக்கொண்டு வந்தால், காலையிலிருந்து எல்லாரும் பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டம்மா என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் ஜூஸ் கொண்டுவந்து தந்தான். ஒரு தகப்பனார் வந்து பைக்கை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார். என் பிள்ளையும் எறிகிறாள் ஐயா என்று ஒருத்தரிடமும் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வாயைக் கட்டித்தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் மகள்! "யம்மா, நீ வரலாம், ஆனா வாயத் தொறக்கப்பிடாது, சத்தியம் பண்ணு" என்று நேற்று சாப்பிடும்போது கையை நீட்டினாள். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட மேட்சில் அம்பயர் தப்பாகச் சொன்னார் என்று இவள் இதே காக்கியோடு மைதானத்துக்குள் இறங்கி, "உமக்கு லைசன்ஸ் குடுத்தது யாருவே" என்று கேட்டுவிட்டாள். கேட்டது ஒரு வேகத்தில், சாலையில் நின்று நின்று பழகிப்போன வாய். அந்த மனிதர் பாவம், பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிப் போனார். யுவஸ்ரீ அன்று இரவு, "எல்லாரும் போலீஸ்காரி மவளுன்னு சொல்லுதாவம்மா, நான் எறியுதத ஒருத்தரும் சொல்ல மாட்டுக்காவ" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அது நெஞ்சில் தைத்தது. அதனால் சத்தியம் பண்ணியாயிற்று. இரண்டாவது பந்து போயிற்று, கேட்சரின் கிளவுசில் பட்டாசு மாதிரி சத்தம் கேட்டது, அந்த ஆள் "தொண்ணூத்தாறு" என்றான்.

சத்தத்தைக் கேட்டால் தொண்ணூற்றாறு மாதிரியா இருக்கிறது? ஆவுடைச்செல்விக்கு வேகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினோரு வருஷமாக அவள் பிழைப்பே வேகம் பிடிக்கிறதுதான். லாரி வருகிற இரைச்சலிலேயே எழுபதா எண்பதா என்று சொல்லிவிடுவாள், கன்னைத் தூக்கிப் பார்ப்பது நோட்டில் எழுதுவதற்காகத்தான். மகள் எறிகிற பந்தை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் நாலு வருஷமாகக் கேட்டிருக்கிறாள், அடுக்களையில் தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இது நல்லது இது சொத்தை என்று சொல்லுவாள். இப்போது போன இரண்டும் நல்லது. நல்லது என்றால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற நல்லது. பிறகு எப்படித் தொண்ணூற்றாறு? பேர் ராசி என்று சொல்லிவிடலாமா, அந்தப் பேரை வைக்கச் சொன்ன ஜோசியனைப் பிடித்து உதைக்க வேண்டும். "யு" என்று தொடங்கினால் பிள்ளை எல்லாவற்றிலும் முன்னால் நிற்பாளாம்! இங்கே இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படிக் கூப்பிடுகிறார்கள், நாற்பத்தொரு பிள்ளைகளில் நாற்பத்தொன்றாவதாக நிற்கிறாள். காலை எட்டு மணிக்கு உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வந்த பிள்ளை பதினொன்றரை வரைக்கும் வெயிலில் காய்ந்து கருவாடாகி, கடைசியில் போய் எறிகிறாள். "ஏ" எழுத்துக்காரிக்குக் குளிர்ந்த காற்று, "ஒய்" எழுத்துக்காரிக்குச் சுண்டக் காய்ந்த தரை, இதுதான் இவர்களுடைய நியாயம். பிள்ளையின் அப்பா, அவியளும் கூடவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பேர் வைக்கும்போது, போட்டோஸ்டாட் கடையை விட்டு அன்றைக்காவது எழுந்து வந்திருந்தால். இன்றைக்கும் வரவில்லை. "அந்த வெளாட்டுக்கு நம்ம ஊர்ல பேரே கிடையாதே செல்வி, அதுக்கு எதுக்கு இந்தப் பாடு" என்று நாலு வருஷமாக ஒரே கேள்வி. பேர் இல்லாவிட்டால் என்ன, பிள்ளைக்குப் பேர் கிடைத்தால் போதாதா? மூன்றாவது பந்தும் தொண்ணூற்றேழு.

நாலாவது பந்துக்கு முன்னால் யுவஸ்ரீ வலது முழங்கையை இடது கையால் ஒரு தரம் பிடித்து விட்டாள். பிடித்ததைத் தாய் பார்த்துவிடக் கூடாதே என்று சட்டென்று கையை எடுத்துத் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தாள். அடிப் பாவி, யாரிடம் மறைக்கிறாய்? டிரங்கன் டிரைவ் பிடிக்கும்போது வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வருகிறவனை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், என்னிடமா? இரண்டு வாரமாக அந்தக் கை சரியில்லை. தைலம் தேய்க்கும்போது ஒரு இடத்தில் விரல் பட்டால் பல்லைக் கடிப்பாள், "வலிக்காட்டி?" என்றால், "இல்லம்மா, கூசுது" என்பாள். எல்லாம் இந்த நம்பர் பண்ணுகிற வேலை. எஸ்தர் டீச்சர் ஒரு நாளைக்கு ஐம்பது பந்துக்கு மேல் எறியக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று சொல்லியிருக்கிறாள். இவளோ டீச்சருக்குத் தெரியாமல் விடியக்காலம் மொட்டைமாடியில் ஏறி, சாக்ஸுக்குள் ஆற்றுமணலைத் திணித்துத் தைத்த உருண்டையை எறிகிறாள். கனமான பந்தை எறிந்து பழகினால் நிஜப் பந்து பறக்கும் என்று செல்போனில் எவனோ சொன்னானாம். இந்தப் பிள்ளைகளெல்லாம் ஒன்றையொன்று பார்த்தால் பேர் கேட்கிறதில்லை. காலையில் குழாயடியில் ஆவுடைச்செல்வியின் காதுபடவே நடந்தது, "நீ எவ்வளவு போடுவ?" "தொண்ணூத்தெட்டு. நீ?" "நூத்தொண்ணு." தொண்ணூற்றெட்டுக்காரியின் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. பதினாறு வயசுப் பிள்ளைக்கு முகம் சுருங்குகிறதுக்கு ஒரு நம்பர்! அறுபதடித் தூரத்தில் மதில்மேல் ஒரு சின்னச் சொம்பை வைத்தால் பத்துக்கு எட்டுத் தரம் யுவஸ்ரீ அடித்துத் தள்ளுவாள், ஆவுடைச்செல்வியின் கல்யாணச் சீர்ச் சொம்பு நாலு அப்படியே ஒடுங்கிப் போயிற்று. அதை அளக்கிறதுக்கு ஒரு மிஷின் வைத்திருக்கிறார்களா? இல்லை. எவ்வளவு வேகம், எவ்வளவு வேகம், எவ்வளவு வேகம், இது என்ன லாரியா? நாலாவது தொண்ணூற்றைந்து, ஐந்தாவது தொண்ணூற்றாறு.

அவளுக்கு ஆத்திரம் எங்கே போவது என்று தெரியாமல் அந்த ஆளின் செருப்பில் போய் நின்றது. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் விட்டுவிட்டுப் புல்லில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கழுத்து அட்டையில் கதிரேசன் என்று போட்டிருக்கிறது. என்ன சுகம்! சாலையில் நாங்கள் நிற்கிற நிலைமைக்கு நிழலாவது உண்டா, அந்த ஒரு வேப்பமரம் இல்லாவிட்டால் நானெல்லாம் எப்பவோ சுருண்டு விழுந்திருப்பேன், என்று நினைத்துக்கொண்டே வந்தவள் வேப்பமரத்தில் தடுக்கி நின்றாள். வேப்பமரம். சாலை ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நிற்கிற மரம். சட்டப்படி பார்த்தால் அவள் நிற்க வேண்டியது சாலையை ஒட்டி, வண்டி வருகிற திசைக்கு நேராக. பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க மனுஷியால் ஆகாது, தார் கொதிக்கும். மரத்தடிக்கு ஒதுங்கிக்கொள்வாள். ஒதுங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், கன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த இன்ஸ்பெக்டர் முதல் நாளே சொன்னார், "நேரா முன்னால நில்லு, இல்ல நேரா பின்னால நில்லு. ஓரமா ஒதுங்குனே, கொறச்சுத்தான் காட்டும். கூட்டிக் காட்டவே காட்டாது, கொறச்சுத்தான்." நூற்றைந்தில் போகிறவன் கன்னில் நூறில் போவான். வண்டிக்காரனுக்கு லாபம், எனக்கு நிழல், போகட்டும் கழுதை என்று பதினோரு வருஷமாக அவள் விட்டுக்கொண்டிருக்கிற சலுகை அது, யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நாற்காலியைப் பார்த்தாள். கேட்சர் குந்தியிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் வலை, வலைக்குப் பின்னால் யாருமில்லை. நாற்காலி வலையிலிருந்து பக்கவாட்டில் முப்பதடி தள்ளி ஷாமியானா நிழலில் கிடக்கிறது. காலையில் எங்கே கிடந்தது? வலைக்குப் பின்னால்தான் கிடந்தது! அந்த ஆளின் வழுக்கை வெயிலில் மின்னியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பொழுது போகாமல் காலையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பேரையும், பெரிய நம்பரையும் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டே வந்திருந்தாள், சாலையில் வண்டி நம்பர் எழுதுகிற பழக்கம், கை சும்மா இருக்காது. முதலாவது அனுசுயா, நூற்றுநாலு. முதல் இருபது பிள்ளைகளில் ஒன்பது பேர் நூறைத் தாண்டியிருக்கிறார்கள். இருபத்தொன்றிலிருந்து யுவஸ்ரீ வரைக்கும் ஒருத்தி, ஒரே ஒருத்திகூடத் தாண்டவில்லை. தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஒரு நம்பர் கிடையாது. இருபதாவதுக்கும் இருபத்தொன்றாவதுக்கும் நடுவில் அவளே எழுதியிருக்கிறாள், "டீ". டீ குடிக்க எழுந்த ஆள், திரும்பி வந்து நாற்காலியை நிழலில் போட்டிருக்கிறான். இருபத்தோரு பிள்ளைகள்! காலேஜ் சீட்டு, நாலு வருஷம், ஐந்து மணி அலாரம், எல்லாம் ஒரு வழுக்கைக்கு வெயில் படாமல் இருக்கிறதுக்காக. அடப்பாவி, எந்திரிச்சுச் சொல்லு செல்வி, சொல்லித் தொலை. சத்தியம் பண்ணியிருக்கியே. சத்தியமாவது மண்ணாவது. போலீஸ்காரி மகள் என்று மறுபடியும் சொல்லுவார்களே, பத்து மேட்ச் ஜெயித்தாலும் அம்மா வந்து மிரட்டி வாங்கிக் குடுத்த இடம் என்று பிள்ளை காலம் முழுக்கக் கேட்க வேண்டுமே. ஒருவேளை அடுத்த பந்து இந்தக் கோணலையும் தாண்டி நூறு வந்துவிட்டால்? வந்துவிட்டால் யாரும் ஒன்றும் பேச வேண்டாம். வரட்டும். வந்துவிடட்டும் தாயே. ஆறாவது தொண்ணூற்றாறு. யுவஸ்ரீ தரையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், கையை இன்னும் பின்னால் கொண்டுபோனாள், இடுப்பிலிருந்து எறிய வேண்டியதைத் தோளிலிருந்து எறிந்தாள், ஏழாவது தொண்ணூற்றைந்து. கூடக் கூடப் பலத்தைப் போட்டால் எறி கெட்டுப்போகும் என்று அவளுக்கே தெரியும், தெரிந்தும் போடுகிறாள், ஏனென்றால் நம்பர் வரவில்லை, வரவில்லையென்றால் தப்பு தன் கையில்தான் என்று நினைக்கிறாள் பைத்தியக்காரி. எட்டாவது தொண்ணூற்றுமூன்று.

ஒன்பதாவது பந்து கையைவிட்டுப் போகும்போது யுவஸ்ரீயின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை, அடுப்பில் விரல் பட்டால் வருமே அந்த மாதிரி. பந்து தரையில் குத்தி வலைக்குப் போயிற்று. "எம்பத்தெட்டு" என்று சொன்ன அந்தக் கதிரேசன் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவிதான் ஆவுடைச்செல்வியை எழுப்பியது. தொப்பி மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. நடக்கும்போது மகள் தன்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவது தெரிந்தது, வேண்டாம்மா, வேண்டாம்மா என்று. தெரிந்தும் நடந்தாள். நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "சார், இந்தச் சேரு காலையில எங்க கெடந்துச்சு?" என்று கேட்டாள். அவன் காலை மடக்கினான். காக்கியைப் பார்த்ததும் செருப்பைத் தேடினான். "நெட்டுக்குப் பின்னால கெடந்துச்சு மேடம். வெயில் வந்துட்டுல்லா, நவுத்திப் போட்டேன். ஏன்?" "அங்கேருந்து பிடிச்சா ஒரு கணக்கு, இங்கேருந்து பிடிச்சா ஒரு கணக்கு சார்." அவன் சிரித்தான். நல்ல மனிதன் மாதிரித்தான் சிரித்தான், கன்னை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "மிஷின் பொய் சொல்லுமா மேடம்?" என்றான். அது அவளுடைய வார்த்தை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு லாரிக்காரனிடமும், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன் தாயே என்று கும்பிட்டவனிடமும், நான் அவ்வளவு வேகம் போகவே இல்லை என்று குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னவளிடமும், அவள் சொன்ன அதே வார்த்தை, மிஷின் பொய் சொல்லாது, கையெழுத்துப் போடுங்க. கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா?

"மிஷின் பொய் சொல்லாது சார்," என்றாள் கடைசியில். "ஒதுங்கி நிக்கவன் சொல்லுவான். நானும் ஒதுங்கி நிக்கவதான், அதான் தெரியுது." அவன் அவளையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தான். ஆள் முட்டாளில்லை, முகத்தில் ஏதோ ஓடியது. "சரி சரி, விடுங்க மேடம், இது என்ன பெரிய விசயம்? இன்னும் ஒரு பந்து இருக்குல்லா? நான் பின்னாலயே போயிருதேன், பிள்ள போடட்டும்" என்று எழுந்து நாற்காலியின் கையைப் பிடித்தான். எவ்வளவு சுளுவாக முடிக்கிறான்! ஆவுடைச்செல்விக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பந்து, நேராகப் பிடித்தால் நூறு, பிள்ளை உள்ளே, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதற்குள் ஓடி வந்து பின்னால் நின்ற மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, கைய நீட்டு." யுவஸ்ரீ இடது கையை நீட்டினாள். "அந்தக் கை." வலது கை பாதி வரைக்கும் வந்து நின்றது. "முழுசா நீட்டுட்டி." "வரல்லம்மா." முழங்கைக்கு உள்பக்கம் சப்போட்டாப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. இந்தக் கையால் இன்னொரு பந்தா? அவன் நாற்காலியைத் தூக்கிவிட்டான் என்றால் நாற்காலி இங்கே கிடந்தது என்பதற்கு என்ன சாட்சி? மற்ற இருபது பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்லுவது? விபத்து நடந்த இடத்தில் முதல் வேலை என்ன? வண்டியை எடுக்க விடாதே, சக்கரத்தைச் சுற்றிக் கோடு போடு. "சேரத் தொடாதீய சார்," என்றாள், "உக்காருங்க. இருந்த இடத்துலயே உக்காருங்க."

வலைக்குப் பக்கத்தில் காலையில் கோடு போட்ட சுண்ணாம்புத்தூள் வாளியில் மிச்சம் கிடந்தது. அவள் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, குனிந்து, நாற்காலியின் முன்கால் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். கதிரேசன் கன்னோடு அந்தரத்தில் காலைத் தூக்கிக்கொண்டு, "என்ன மேடம் இது, என்ன இது, கொலக்கேஸா?" என்று கூவினான். கொலைக்கேஸ்தான், பேசாமல் இருங்கள். இரண்டாவது காலுக்குப் போட்டாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, பைக் நிறுத்த இடம் கேட்ட தகப்பனார் கூட வந்து எட்டிப் பார்த்தார். தேர்வுக்குத் தலைவியாக இருந்த பிலோமினா மேடம் மேடையிலிருந்து வேகமாக இறங்கி வந்தாள், பழைய வீராங்கனை, இன்னும் அந்த நடை. "ஏட்டம்மா, நீங்க பந்தோபஸ்துக்குத்தானே வந்திய?" "இல்ல மேடம். நாப்பத்தொண்ணாம் நம்பர் எம் பிள்ள." சொல்லியாயிற்று. இனிமேல் போலீஸ்காரி மகள் என்று சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும். மூன்றாவது கால் பின்பக்கம் ஷாமியானாக் கயிற்றுக்குள் இருந்தது, கை எட்டவில்லை, முட்டி போட்டாள், காக்கிப் பேண்ட்டெல்லாம் வெள்ளையாயிற்று. நாலாவது காலுக்கு நிமிர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. யுவஸ்ரீ இடது கையில் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு வந்து, கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் அழுத முகம்.

"காலையில நூத்திநாலு போட்ட பிள்ளையக் கூப்பிடுங்க மேடம்," என்றாள் ஆவுடைச்செல்வி. "சார் இந்த இடத்துல இருந்தே பிடிக்கட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கல." பிலோமினா மேடம் வலையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், நோட்டுக்காரப் பெண்ணிடமிருந்து நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினாள், புரட்டப் புரட்ட அவள் முகம் கடுத்தது. அனுசுயா என்கிற அந்தப் பிள்ளை வாழைப்பழத்தைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள். தேர்வான சந்தோஷத்தில் இருந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை, "திரும்பப் போடணுமா மேடம்? எனக்கு முடிஞ்சிட்டே?" என்றாள். "ஒனக்கு ஒண்ணும் ஆவாது, சும்மா மூணு போடு, காலையில போட்ட மாதிரியே போடு." போட்டாள். கிளவுசில் அதே பட்டாசுச் சத்தம். கதிரேசன் கன்னைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். "சொல்லுங்க சார்," என்றாள் பிலோமினா மேடம். "தொண்ணூத்தொம்போது." இரண்டாவது பந்து. "தொண்ணூத்தெட்டு." மூன்றாவதுக்கு அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை, நோட்டுக்காரப் பெண்தான் எட்டிப் பார்த்துத் தொண்ணூற்றெட்டு என்றாள். தகப்பன்மாரெல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள், யாரோ ஒரு தாய் அழுதாள், என் பிள்ளை தொண்ணூத்தெட்டு மேடம், என் பிள்ளையும் தொண்ணூத்தெட்டு என்று. பிலோமினா மேடம் கையை உயர்த்தி, "இருவத்தொண்ணுலருந்து ஒருத்தர் பேரும் அடிக்கப் போறதில்ல, எல்லாருக்கும் அஞ்சு அஞ்சு கூட்டித்தான் எழுதப்போறேன், யாரும் இன்னைக்கு மறுபடி எறிய வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடைச்செல்வி அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே, ஜூஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸைத் துண்டில் சுற்றி மகளின் முழங்கையில் வைத்துப் பிடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதானே இருக்க வேண்டும், ஏன் இந்த எரிச்சல் இறங்க மாட்டேன் என்கிறது என்று யோசித்தாள்.

யுவஸ்ரீ நோட்டுக்காரப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, கணக்குப் போட்டாள். "யம்மா," என்றாள். "தொண்ணூத்தேழும் அஞ்சும் நூத்திரெண்டுல்லா?" "ஆமாட்டி." "அப்ப நான் மொதப் பந்துலயே போட்டுட்டேனாம்மா?" "ஆமா. மொதப் பந்துலயே போட்டுட்ட." பிள்ளை முழங்கையைக் குனிந்து பார்த்தாள், ஐஸ் கரைந்து காக்கிக் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. "அப்ப மிச்ச எட்டும் எதுக்கும்மா போட்டேன்?" என்று கேட்டாள். கதிரேசன் அந்த நாலு வட்டத்துக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்க ஆவுடைச்செல்வி வாயைத் திறந்தாள். தான் ஒதுங்கி நிற்கிற வேப்பமரம் ஞாபகம் வந்தது, குனிந்து மகளின் முழங்கையில் ஐஸைத் திருப்பி வைத்தாள்.